சீமாட்டியின் கல்லறைப் பலகை

பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து அவள் புருஷன் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டோமா?"

"இறங்கிட்டோம். இன்னும் நடக்கணும்."

"ஹோட்டல் தெரியுதா?"

"தெரியுது. எங்கேயும் ஓடிப் போகல. அங்கேயேதான் நிக்குது."

அவளுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். இன்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கைத்தடியைக் கொண்டுவர மாட்டேன் என்று அவர் ஒரு அடம். அந்தப் பழைய வித்தைக் கோட்டைத்தான் போட்டுக்கொள்வேன் என்று இன்னொரு அடம். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு. எந்தக் காலத்திலோ ஒல்லியாக இருந்த மனிதனுக்குத் தைத்தது. தையல்காரியைக் கட்டிக்கொண்டவருக்கு அந்தக் கவலை எல்லாம் ஏது? பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த துணியை எல்லாம் வெளியே இழுத்து, திட்டிக்கொண்டே அகலப்படுத்திக் கொடுத்தாள். அப்படியும் வயிற்றுப் பொத்தான் மட்டும் மாட்டவில்லை. அதற்கும் அவள் தையலைத்தான் குறை சொன்னார்.

சீமாட்டி என்பது அவருடைய குதிரை. வெள்ளைப் பெட்டைக் குதிரை. ஒரு காலத்தில் அவள் பெயரைத் தெரியாதவர் கிடையாது. தீப்பெட்டியில்கூட அவள் படம் இருந்தது. பாட்டுக்குத் தகுந்தபடி கால் மாற்றி ஆடுவாள், தலை குனிந்து வணக்கம் சொல்வாள். செத்தவளைப் போல விழுந்து கிடந்து, அவர் நாக்கைச் சொடுக்கினால் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கனைப்பாள். பெரிய ஹோட்டல்களின் புல்வெளியில்தான் வித்தை நடக்கும். அப்படி ஒரு ஹோட்டலில், வித்தைக்கு முந்தைய மதியம், கொட்டகையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஹோட்டல்காரர்களே பின்பக்கத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அதோடு அவர் குதிரை வித்தையை விட்டார். சேணம், சவுக்கு எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். அதன்பிறகு ஒரு குதிரையின் பக்கத்தில்கூட அவர் போய் நின்றதில்லை.

இந்தக் கல்லறைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்க ஆரம்பித்துக் கொஞ்ச காலமாகிறது. அவளும் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தடவை முட்டி வலி. ஒரு தடவை பள்ளிச் சீருடை ஆர்டர். ஒரு தடவை மழை வரும்போல இருந்தது, வரவில்லை. உண்மைக் காரணம் மாப்பிள்ளையின் செல்போனில் இருந்தது. பேய் உலாவும் ஹோட்டல்கள் என்று யாரோ படம் எடுத்துப் போட்டிருந்ததை ஒரு நாள் மாப்பிள்ளை விளையாட்டாக அவளிடம் காட்டினார். அதில் அந்தக் கல்லறை வந்தது. கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் வந்தது. 'எஜமானின் சவுக்கடியில் உயிர்விட்ட சீமாட்டி இங்கே உறங்குகிறாள். இரவுகளில் அவனைத் தேடி நடக்கிறாள்.'

அந்த மனிதர் சவுக்கைக் காற்றில் வீசிச் சத்தம் காட்டுவாரே தவிர, அதன் நுனி குதிரையின் தோலில் பட்டதே கிடையாது. கொசுவை அடிக்கக்கூட ஒருமுறை யோசிக்கிற ஆள். இந்தப் பலகையைப் பார்த்தால் மனுஷன் உடைந்து போய்விடுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் முட்டி வலித்தது.

இப்போது மட்டும் ஏன் சம்மதித்தாள் என்றால், அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர். போன பார்வை போனதுதான், மிச்சமும் மெல்ல மெல்லப் போகும் என்றார். அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர், "முழுசா இருட்டறதுக்கு முன்னால ஒரு தடவை" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எந்தச் சாக்கும் அவள் வாயில் வரவில்லை. கூடவே இன்னொன்றும் தோன்றியது: உருவங்கள்தான் தெரிகின்றன, எழுத்துத் தெரியாது, பலகையை இனி அவரால் படிக்க முடியாது. கண் போனதில் இப்படி ஒரு சௌகரியத்தைக் கண்டுபிடித்த தன் புத்தியை அவள் அன்று இரவு முழுக்கத் திட்டிக்கொண்டாள். ஆனாலும் கிளம்பிவிட்டாள்.

ஹோட்டலின் வரவேற்பறையில் ஈர வாடை அடித்தது. கம்பளத்தில் கிழிசல் விழுந்த இடங்களை வேறு நிறக் கம்பளத்தால் ஒட்டியிருந்தார்கள். அதிலும் தையல் நேராக இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"ரூம் வேணுமா? குளம்புச் சத்தம் கேக்கற ரூம் இன்னைக்கு இல்ல. ஜன்னல் தானாத் திறக்கற ரூம் ஒண்ணு இருக்கு."

"எங்க வீட்டுலயே ஜன்னல் தானாத்தான் திறக்குது. கொக்கி போயிடுச்சு. எங்களுக்குக் குதிரையோட கல்லறையைப் பார்த்தா போதும்."

"தனியா விடறதில்ல. சுத்திக் காட்டறவரோட கூட்டமாத்தான் போகணும். கதை எல்லாம் சொல்லுவார்."

கதை என்றதும் அவளுக்குத் திக்கென்றது. அவரைச் சோபாவில் உட்காரவைத்து, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நேராக மேனேஜரின் அறைக்குப் போனாள். மேனேஜர் இளைஞர். கழுத்துப்பட்டை இறுக்கமாக இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். வெளியே பித்தளைப் பொத்தான் கோட்டில் உட்கார்ந்திருப்பவர்தான் சீமாட்டியின் எஜமான். சவுக்கடி என்ற பேச்சே அவர் காதில் விழக்கூடாது.

மேனேஜர் வெட்கப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அவரா? உயிரோடவா இருக்கார்?"

"ஏன், இருக்கக்கூடாதா?"

"இல்லம்மா, கொட்டகையிலேயே தூக்குப் போட்டுக்கிட்டார்னு நாங்க சொல்லிக்கிட்டு இருக்கோம். அவர் அழற சத்தம் கேக்கற மாடிப்படிகூட ஒண்ணு இருக்கு. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

கட்டிய புருஷனுக்கு ஒரு மாடிப்படி ஒதுக்கி அழவிட்டிருக்கிறார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"போட்டோ அப்புறம். முதல்ல அந்தப் பொய்யை நிறுத்துங்க. அவர் அந்தக் குதிரையைத் தொட்டுக்கூட அடிச்சதில்ல. எதுக்கு இப்படி இட்டுக்கட்டினீங்க?"

"நாங்க இட்டுக்கட்டலம்மா. தூக்கு வேணா நாங்க சேர்த்தது. சவுக்கடி பழைய முதலாளி காலத்துலேர்ந்து இருக்கற கதை."

"அந்த முதலாளிக்கு நாக்கு அழுகிப் போயிருக்கும்."

"அவர் காலமாயிட்டார்" என்றார் மேனேஜர் மரியாதையாக. பிறகு, இன்று ஒரு நாள் அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்லும்படி ஆளிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டார். பலகையை என்ன செய்வது என்று கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டாள். அதற்கும் அப்புறம் என்றார்.

கூட்டம் சேர்ந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று; யார் எதைச் சொன்னாலும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள அது போதுமாக இருந்தது. ஒரு ஒல்லியான பெண்மணி கையில் ஒரு கருவி வைத்திருந்தாள். பேய் இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியுமாம். நாலாவதாக ஒரு மனிதர். எந்த எழுத்தைப் பார்த்தாலும் உரக்கப் படிக்கிற ஜென்மம். "மின்தூக்கி பழுது" என்று படித்தார். "குடைகளை இங்கே வைக்கவும்" என்று படித்தார். "அவசர வழி" என்று படித்துவிட்டு, எதிரே இருந்த சுவரையும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். புருஷனுக்குக் கண் தெரியாத குறையைத் தீர்க்கவே இந்த ஆள் பிறந்து வந்திருக்கிறார்.

சுற்றிக் காட்டுகிறவர் கறுப்பு அங்கி போட்டிருந்தார். குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்துப் பேசினார். மாடிப்படிக்கு அடியில் எல்லோரையும் நிற்க வைத்து, விரலை உதட்டில் வைத்தார். மேலே எங்கோ டக்டக்கென்று குளம்புச் சத்தம் கேட்டது. ஜோடி ஒட்டிக்கொண்டது.

"நாலு காலும் ஒரே கனத்துல விழுது. எந்தக் குதிரையும் இப்படி நடக்காது. கட்டைக் குதிரையா இருக்கும்" என்றார் அவள் புருஷன்.

"சும்மா வாங்க" என்றாள் அவள்.

"சீமாட்டி பின்னங்காலை லேசா இழுத்து வெப்பா. இதுல அது இல்லையே."

கறுப்பு அங்கிக்காரர் முகம் கறுத்தது. ஆனாலும் கதையைத் தொடங்கினார். உலகப் புகழ் பெற்ற குதிரை, ஊரே திரண்டு வந்து பார்த்த குதிரை, அதற்கு ஒரு எஜமான், அந்த எஜமான் இருக்கிறானே அவன் என்று குரலை உயர்த்தினார். அவள் இருமினாள். அவர் அவளைப் பார்த்தார். மேனேஜர் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சவுக்கை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்பது அப்போதுதான் அவருக்கும் உறைத்தது.

"அந்தக் குதிரை... ஏதோ ஒரு காரணத்தால் இறந்துபோனது" என்று முடித்தார்.

"என்ன காரணம்?" என்று கருவிக்காரப் பெண்மணி கேட்டாள்.

"வயசாயிடுச்சு" என்றாள் இவள் முந்திக்கொண்டு.

"வயசா? அவளுக்கு என்ன வயசு? அதெல்லாம் ஒண்ணும் ஆகல" என்றார் புருஷன்.

"நீங்க படியைப் பாத்து இறங்குங்க."

இவரைக் காப்பாற்ற இவள் ஒரு பக்கம் இழுத்தால், காட்டிக்கொடுக்க இவரே மறுபக்கம் இழுக்கிறார். யானைக்குப் பாகனாக இருந்திருந்தால்கூட இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்லறை பின்பக்கத் தோட்டத்தில் இருந்தது. புல்வெளியில் ஒரு தோட்டக்காரர் இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக வேலி போட்ட சின்ன இடத்தில் ஒரு மட்டக்குதிரை நின்றது. விருந்தாளிகள் ஏறிச் சுற்றிவர வைத்திருக்கிறார்கள். கல்லறை என்றால் மரத்தடியில் ஒரு நீளக் கல், அவ்வளவுதான். அதன் மேல் யார் யாரோ சர்க்கரைக் கட்டிகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எறும்புகளுக்கு நல்ல யோகம். பலகை வலது பக்கம் இருந்தது. அவள் அவரை இடது பக்கமாக அழைத்துப் போனாள்.

அவர் மெல்லக் குனிந்து கல்லைத் தொட்டார். இரண்டு கைகளாலும் நீளத்தை அளப்பதுபோலத் தடவிக்கொண்டே போனார். கல் முடிந்த இடத்தில் கை நின்றது.

"சின்னதா இருக்கே. கால் நீட்டிப் படுத்தா இதுக்கு வெளியே வருவா" என்றார்.

நல்லவேளை, கூட்டிக்கொண்டு வந்தோம் என்று முதன்முறையாக நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து அந்தக் குரல் கிளம்பிவிட்டது.

"எஜமானின் சவுக்கடியில் உயிர்விட்ட சீமாட்டி இங்கே உறங்குகிறாள்."

"ஐயா, போதும்" என்றாள் அவள்.

"இரவுகளில் அவனைத் தேடி நடக்கிறாள்" என்று அவர் படித்து முடித்தார். பாதியில் நிறுத்துவது அவர் வழக்கம் இல்லை போலிருக்கிறது.

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. உடையவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தின் பெயரைக் கேட்டவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது.

"பொய்" என்றாள் எல்லோரையும் பார்த்து. "அத்தனையும் பொய். இவர்தான் அந்த எஜமான். தூக்கும் போட்டுக்கல, ஒண்ணும் போட்டுக்கல. என்கூடத்தான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கார். இவர் அந்தக் குதிரையை அடிச்சதே இல்ல."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எழுதியிருக்கறது சரிதான்" என்றார். "நான்தான் அடிச்சேன்."

"என்னது?"

"கோபத்துல அடிச்சுட்டேன். செத்துப்போச்சு. வா, போலாம்."

"உங்களுக்குக் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன், மூளையும் போயிடுச்சா? நான் அங்கேதானே இருந்தேன்?" அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நான் சொல்றேன் கேளுங்க. அப்ப எனக்குக் கல்யாணமான புதுசு. இந்தச் சீமாட்டிக்கு என்னைக் கண்டா ஆகாது. கிட்டப் போனா காதைப் பின்னால மடக்கும். அன்னைக்குக் காலையில இதே மாதிரி புல்லு வெட்டிக் குவிச்சு வெச்சிருந்தாங்க. ஒரு கூடை நிறைய அள்ளிக்கிட்டுப் போனேன்..."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் அவர்.

"நீங்க பேசாதீங்க. என் கையிலேர்ந்தே தின்னுச்சுங்க. கூடை காலியானதும் என் தோள்ல மூக்கை வெச்சு உரசுச்சு. அவ்வளவு சந்தோஷமா இருந்த குதிரை. மத்தியானம் நெஞ்சு நின்னு போச்சு. அவ்வளவுதான் நடந்தது. இதுல சவுக்கு எங்கேர்ந்து வந்தது?"

"போதும்னு சொல்றேன்ல" என்றார் அவர். சத்தமாகவே சொன்னார். அவர் அவளிடம் சத்தம் போட்டு அவளுக்கு நினைவே இல்லை. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. கருவிக்காரி உட்பட யாரும் அதைப் பார்க்கவில்லை.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் நீர் நின்றது. இவருக்காக மேனேஜரிடம் கெஞ்சி, இருமித் தொண்டை வறண்டு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்று வாதாடினால், செய்யாத குற்றத்தை மாலைபோல வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். என்ன மனுஷன் இவர்?

அந்த நேரம் தோட்டக்காரர் வெட்டிய புல்லைத் தள்ளுவண்டியில் குவித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனார். வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. மட்டக்குதிரை வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிக் கனைத்தது.

அவள் புருஷன் சட்டென்று தலையைத் திருப்பினார்.

"அது என்ன, புல்லா? யாருக்குக் கொண்டு போறே?"

"குதிரைக்குத்தாங்க. நான் வேலைக்கு வந்து ரெண்டு நாள்தான் ஆகுது. வீணாப் போறதை அதுக்காவது போடலாம்னு."

அவர் ஓடினார். கைத்தடி இல்லாமல், பாதை தெரியாமல், கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினார். புல்வெளியின் விளிம்பில் கால் இடறி, விழாமல் சமாளித்து, வண்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"போடாதே. வெட்டிக் குவிச்ச புல்லைக் குதிரைக்குப் போடவே கூடாதுப்பா. கையை உள்ளே விட்டுப் பாரு, எப்படிச் சூடேறிக் கிடக்குதுன்னு. துண்டு துண்டா இருக்கறதால மெல்லவே மெல்லாது, அப்படியே முழுங்கும். உள்ளே போய் வயிறு உப்பிக்கிட்டே வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, தெரியுமா? தின்னதை வெளியே தள்ள அதுக்கு வழியே கிடையாது. காலையில தின்னா மத்தியானத்துக்குள்ள படுத்துடும். அப்புறம் யார் வந்தாலும் எழுப்ப முடியாது. வண்டி நிறைய வேண்டாம்ப்பா. ஒரு கூடை போதும். ஒரே ஒரு..."

வாய் அப்படியே நின்றது. கை புல்லுக்குள் இருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

தோட்டக்காரர் பயந்துபோய் வண்டியை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகும் அவர் அங்கேயே நின்றார். அவள் மெல்ல நடந்து பக்கத்தில் போனாள்.

"என்னங்க."

"ம்."

"இந்தப் பக்கம் திரும்புங்க."

"அது வேற, இது வேற" என்றார்.

"எது வேற?"

"இது மிஷின்ல வெட்டின புல்லு. அந்தக் காலத்துப் புல்லு வேற."

"புல்லுல என்னங்க அந்தக் காலம், இந்தக் காலம்?"

இவ்வளவு மட்டமாகப் பொய் சொல்லத் தெரிந்த ஆளா இத்தனை வருஷம் தன்னிடம் ஒன்றை மறைத்தார் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் புல்வெளியைப் பார்த்தபடி பேசினார்.

"கொட்டகையில கூடை கிடந்தது. முதலாளி பார்த்துட்டார். யார் போட்டதுன்னு கேட்டார். நீ அந்தப் பக்கம் குழாயடியில கையைக் கழுவிக்கிட்டு இருந்தே, பாடிக்கிட்டே. அவ போனது உனக்கு இன்னும் தெரியாது. எங்க அம்மா, சித்தப்பா, கூட இருந்தவங்க எல்லாரும் அங்கே நின்னாங்க. சோறு போட்ட குதிரை. உன் பேரைச் சொன்னா, வந்தவ வந்ததும் குதிரையைக் கொன்னுட்டாள்னு சாகற வரைக்கும் உன்னைச் சொல்லிக் காமிப்பாங்க. விடியறதுக்கு முன்னால பழக்கும்போது கோபத்துல அடிச்சுட்டேன், உள்ளே எங்கேயோ பட்டிருச்சு போலன்னு வாயில வந்துச்சு. சொல்லிட்டேன். கூடைப் புல்லைப் பத்தி அப்புறம் யாரும் கேக்கல. உன்கிட்ட மட்டும் நெஞ்சு நின்னு போச்சுன்னு சொல்லணும்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

கூடைப் புல் கதையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். குதிரைக்காரர் குடும்பத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது. மகளுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னாள். தையல் கடைக்கு வந்தவர்களிடம் சொன்னாள். மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோதுகூடச் சொன்னாள். என் கையிலேர்ந்தே தின்னுச்சு, இல்லீங்களா, என்று ஒவ்வொரு தடவையும் அவரையே சாட்சிக்குக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஆமா என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னா நீ தாங்கியிருக்க மாட்டே."

"அதை நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

கேட்டவுடனேயே, பலகையை மறைக்கத் தான் பட்ட பாடு அவளுக்கு நினைவு வந்தது. மனுஷன் உடைந்து போய்விடுவார் என்று அவளும்தான் முடிவு பண்ணினாள். அந்த நினைப்பு அவளைச் சமாதானப்படுத்தவில்லை; எரிச்சலைத்தான் கூட்டியது.

மேனேஜர் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். பெரியவர் மனம் நோகக்கூடாது, பலகையை மாற்றிவிடலாம் என்று மேலிடத்தில் பேசிவிட்டாராம். என்ன எழுத வேண்டும் என்று சொன்னால் போதுமாம்.

"எழுதிக்குங்க" என்றாள் அவள். "எஜமானோட பொண்டாட்டி விவரம் தெரியாம வெட்டின புல்லைப் போட்டா. அதைத் தின்னு சீமாட்டி செத்துப்போனா. எஜமான் அடிக்கல. அவ்வளவுதான்."

"அவ பேச்சைக் கேக்காதீங்க" என்றார் புருஷன். "இருக்கறது அப்படியே இருக்கட்டும்."

"ஊருக்கெல்லாம் நீங்க கொலைகாரர், நான் மட்டும் புண்ணியவதியா இருக்கணுமா?"

"நீ தெரிஞ்சா செஞ்சே?"

"தெரியாம செஞ்சேன்னுதானே எழுதச் சொல்றேன்."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. சவுக்கடின்னா ஒரு பயம் இருக்கு. புல்லு தின்னு செத்துச்சுன்னா யாரும்மா பயப்படுவாங்க?"

"நான் பயப்படறேன்" என்றாள் அவள். "இங்க பாருங்க, கை எப்படி நடுங்குதுன்னு."

உண்மையாகவே நடுங்கியது. ஊசியில் நூல் கோக்கிற கை. மேனேஜர் அதைப் பார்த்தார். பிறகு பலகையிடம் போய்த் திருகாணிகளைத் தடவிப் பார்த்தார். உரக்கப் படிக்கிற மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து, அவரே திருகிக் கழற்ற ஆரம்பித்தார். முகத்தில் அசடு வழிந்தது. பலகை பெயர்ந்து வந்ததும் அதை எழுத்து வெளியே தெரியாமல் மார்போடு திருப்பிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களோடு ஹோட்டலைப் பார்த்து நடந்தார். மேனேஜர் போட்டோவைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

இருவரும் கல்லறைக்குத் திரும்பினார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஓடியதில் பக்கத் தையல் ஒன்று விட்டிருந்தது.

"எதுக்கு இத்தனை அடம்பிடிச்சு வந்தீங்க? அதையாவது சொல்லுங்க."

"உனக்காக அவகிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு. கண்ணு முழுசாப் போறதுக்கு முன்னால."

"என் மன்னிப்பை நீங்க எதுக்குக் கேக்கணும்? எனக்கு வாய் இல்லையா?"

"நீ இருந்தா எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

"நீங்க தள்ளி நில்லுங்க" என்றாள்.

அவர் எழுந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். அவள் சர்க்கரைக் கட்டிகளை ஒதுக்கிவிட்டுக் கல்லின் மேல் கையை வைத்தாள். முதலில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. குதிரையிடம் அவள் பேசியதே அந்த ஒரு காலைதான்.

"சீமாட்டி, நான்தான். அன்னைக்குப் புல்லு கொண்டு வந்தவ. அவர் இல்ல, நான். எனக்குத் தெரியாதுடி. உனக்கு என்னைப் பிடிக்கணும்னுதான் கொண்டு வந்தேன். மன்னிச்சுக்கோ."

அழுதாள். சத்தமாகவே அழுதாள், கேட்க அவரைத் தவிர யாரும் இல்லை. அவர் வந்து தேற்றவில்லை. தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளியே நிற்கிற ஆள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏங்க, அன்னைக்கு அவ என் தோள்ல மூக்கை வெச்சு உரசினாளே. அது வலியிலயா?"

"இல்ல" என்றார் உடனே. "வலி வர நேரமாகும். உன்னைப் பிடிச்சுப் போய்த்தான் வெச்சா."

"உண்மையைச் சொல்லுங்க."

"உண்மைதான்."

அவள் கிட்டப் போய் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்கள் அவள் இருக்கும் திசையில் இருந்தன. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இத்தனை வருஷம் அவளுக்கு ஆமா, ஆமா என்று சொன்னதும் இதே முகம்தான். அப்போதும் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.